ஐந்து மீற்றரில் ஒன்பது, பத்து மீற்றரில் ஏழு: மகளின் பிஸ்டலும் அம்மம்மாவின் பயமும்

"அம்மா, இந்த பிஸ்டல் பழுது."

பன்னிரண்டு வயது மகள் இதைச் சொன்னபோது அவள் முகத்தில் அழுகைக்கு முந்திய கோபம். வீட்டில் இருந்து கொஞ்சத் தூரத்தில் இருக்கிற ஒரு சூட்டுக் கழகத்தில் அது அவளுடைய மூன்றாவது சனிக்கிழமை. முதல் இரண்டு வாரமும் இலக்கு அட்டையை ஐந்து மீற்றரில் தொங்கவிட்டுப் பழக்கினார்கள். அன்றைக்குத்தான் முதல் தடவை பத்து மீற்றர்.

ஐந்து மீற்றரில் அவளுடைய பத்துச் சூடும் ஒரு தேசிக்காய் அளவு இடத்துக்குள் விழுந்திருந்தன. பத்து மீற்றருக்குப் போனதும் தேசிக்காய் தோடம்பழம் ஆகிவிட்டது. அதைவிட விசித்திரம் இன்னொன்று. கிட்ட நின்று சுட்டபோது ஓட்டைகள் எல்லாம் கறுப்பு வட்டத்தின் கீழ்ப் பாதியில் இருந்தன. தள்ளி நின்று சுட்டபோது அவை சிதறினாலும், மொத்தமாக மேலே ஏறி நடுவுக்கு வந்திருந்தன.

"தூரம் கூடினா குண்டு கீழதானே விழ வேணும்? ஏன் மேல போகுது?" என்று கேட்டாள். எனக்கும் பதில் தெரியவில்லை. பயிற்சியாளர் சிரித்துக்கொண்டு, பிஸ்டல் அதே பிஸ்டல்தான், நீதான் தள்ளிப் போயிருக்கிறாய் என்றார்.

அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனதில் நான் படித்ததை எழுதுகிறேன். அதோடு, வீட்டில் நடந்த இன்னொரு கதையையும் சொல்லாமல் விட முடியாது. எங்கள் வீட்டில் "துவக்கு" என்பது சும்மா ஒரு சொல் இல்லை.

அம்மம்மா எழும்பிப் போனாள்

இது தொடங்கியது பாரிஸ் ஒலிம்பிக்கில். 2024 கோடையில் மனு பாக்கர் பத்து மீற்றர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வென்றதை மகள் தொலைக்காட்சியில் பார்த்தாள். பிறகு சரப்ஜோத் சிங்கோடு சேர்ந்து கலப்புப் பிரிவில் இன்னொரு வெண்கலம். மூன்று வருசத்துக்கு முதல் டோக்கியோவில் அதே மனுவின் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவில் பழுதாகி, நேரம் பறிபோய், இறுதிச் சுற்றுக்குப் போக முடியாமல் போனது. அந்தக் கதை மகளை நன்றாகப் பிடித்துக்கொண்டது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஏர் ரைபிளில் உலகக் கோப்பைத் தங்கம் வென்றவர் என்று தெரிந்ததும், "அப்ப தமிழ்ப் பிள்ளையளும் செய்யினம்" என்று ஒரு புது வாதம் வந்தது.

நானும் இவரும் இரண்டு மாதம் தள்ளிப்போட்டோம். கடைசியில் ஓம் என்றோம். ஆனால் என்னுடைய அம்மாவிடம் சொல்லவில்லை. அது பிழை.

ஒருநாள் மகள் வரவேற்பறையில் வெறும் கையை நீட்டி, ஒரு கண்ணை மறைத்து, சுவரில் ஒட்டிய ஒரு சின்னப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கை உறுதியாவதற்கான வீட்டுப் பயிற்சி அது. கையில் ஒன்றும் இல்லை. ஆனால் அம்மம்மாவுக்கு அந்த நிலை தெரியும். தேத்தண்ணிக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழும்பி அறைக்குள் போய்விட்டாள்.

அன்றிரவு என்னிடம் சொன்னாள்: "உனக்கு ஒரு வயது. ஒக்ரோபர் மாதம். குசினி நிலத்தில உன்னை நெஞ்சுக்குக் கீழ வச்சுக்கொண்டு படுத்துக் கிடந்தனான். வெளியில சத்தம். விடியுமட்டும் எழும்பேல்லை. உதிலயிருந்து தப்பத்தானே இஞ்ச வந்தனாங்கள்? இப்ப நீ காசு குடுத்துப் பழக்கிறாய்."

1987 யாழ்ப்பாணம். எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. அவளுக்கு எல்லாம் ஞாபகம். நான் என்ன சொல்ல?

முதல் பாடம்: கோணம்

முதலில் மகளின் கேள்விக்கு வருவோம். தூரம் கூடும்போது இரண்டு வேறு வேறு விசயங்கள் மாறுகின்றன. ஒன்று, சூடுகள் எவ்வளவு சிதறுகின்றன. மற்றது, அந்தச் சிதறலின் நடுப்புள்ளி எங்கே விழுகிறது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால்தான் "பிஸ்டல் பழுது" என்று தோன்றும்.

பிஸ்டலில் இரண்டு சைட் இருக்கிறது. கைக்குக் கிட்ட இருப்பதில் ஒரு சதுரப் பள்ளம். குழலின் நுனியில் இருப்பது ஒரு சின்னக் கட்டை. பள்ளத்தின் நடுவில் கட்டை நிற்க வேண்டும், இரண்டின் மேல் விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். போட்டிக்குப் பாவிக்கும் ஏர் பிஸ்டல்களில் இந்த இரண்டுக்கும் இடைத்தூரம் கிட்டத்தட்ட 33 சென்ரிமீற்றர்.

இப்போது முன் சைட் ஒரு மில்லிமீற்றர் வலப்பக்கம் விலகிவிட்டது என்று வையுங்கள். 33 சென்ரிமீற்றருக்கு ஒரு மில்லிமீற்றர் என்றால், பத்து மீற்றருக்கு எவ்வளவு? பிள்ளைகள் செக்கண்டரி பள்ளியில் படிக்கிற வடிவொத்த முக்கோணக் கணக்குத்தான். 30 மில்லிமீற்றர். ஐந்து மீற்றரில் அது 15. இருபத்தைந்து மீற்றரில் 75.

இனி அட்டையைப் பாருங்கள். பத்து மீற்றர் ஏர் பிஸ்டல் அட்டையில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீற்றர். அதற்கு வெளியே ஒவ்வொரு வட்டமும் எட்டு மில்லிமீற்றர் அகலம். கறுப்புப் பகுதி முழுக்க 59.5 மில்லிமீற்றர். பெல்லட்டின் விட்டம் 4.5, அது கோட்டைத் தொட்டாலே கூடிய புள்ளி கிடைக்கும். கணக்குப் பார்த்தால், நடுவில் விழ வேண்டிய ஒரு சூடு அந்த ஒரு மில்லிமீற்றர் பிழையால் ஐந்து மீற்றரில் ஒன்பதில் விழும். அதே பிழை பத்து மீற்றரில் ஏழு. பிள்ளை செய்த பிழை ஒன்றுதான், அதைத் தூரம் பெருக்கிக் காட்டுகிறது.

ஆனால் எல்லாப் பிழையும் இப்படிப் பெருகாது. சைட் இரண்டும் ஒழுங்காக நிற்க, கை முழுதாக ஐந்து மில்லிமீற்றர் பக்கவாட்டில் நகர்ந்தால், பெல்லட்டும் அதே ஐந்து மில்லிமீற்றர்தான் தள்ளி விழும். எந்தத் தூரத்திலும் அவ்வளவுதான். பத்து மீற்றரில் அது இன்னும் பத்துப் புள்ளிதான்!

இதுதான் பழகத் தொடங்கும் பிள்ளைகளுக்குப் பிடிபடாத இடம். கை ஆடுவது கண்ணுக்குத் தெரியும், அதனால் பயப்படுகிறார்கள். அட்டை தெளிவாகத் தெரிய வேண்டும் என்று அட்டையையே உற்றுப் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் சைட் விலகுவது கண்ணில் படாது. பயிற்சியாளர் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்: அட்டை மங்கலாகத் தெரியட்டும், கண் முன் சைட்டிலேயே நிற்கட்டும், கை கொஞ்சம் ஆடினால் ஆடட்டும். ட்ரிகரைத் திடீரென்று இழுக்காமல் மெதுவாக அழுத்து. வெடுக்கென்று இழுத்தால் குழலின் நுனி திரும்பும். அதுவும் கோணப் பிழைதான், அதையும் தூரம் பெருக்கும்.

இரண்டாவது பாடம்: ஏன் மேலே ஏறியது?

இதற்கு அன்றிரவு குசினி மேசையில் ஒரு தாளும் பென்சிலும் எடுத்தோம்.

ஏர் பிஸ்டல் பெல்லட் நொடிக்கு ஏறத்தாழ 150 மீற்றர் வேகத்தில் வெளியேறும். பத்து மீற்றர் போக ஏறக்குறைய 0.07 நொடி. அந்தக் கண்சிமிட்டும் நேரத்திலும் புவியீர்ப்பு சும்மா இருக்காது. 2.4 சென்ரிமீற்றர் கீழே இழுத்துவிடும். ஐந்து மீற்றரில் இழுப்பது ஆறு மில்லிமீற்றர் அளவுதான். தூரம் இரண்டு மடங்கானால் விழுவது நான்கு மடங்கு. இருபது மீற்றரில் காற்றுத் தடையும் சேர்ந்து பத்து சென்ரிமீற்றரைத் தாண்டும்.

அப்படியென்றால் மகள் சொன்னது சரிதானே, கீழேதானே போக வேண்டும்?

இங்கே இரண்டு விசயம் ஒளிந்திருக்கிறது. முதலாவது, சைட் குழலுக்கு மேலே இருக்கிறது. கண் பார்க்கும் கோடு ஒன்று, குழலின் கோடு இன்னொன்று. இரண்டாவது, ஏர் பிஸ்டலில் பொதுவாகக் கறுப்பின் நடுவைக் குறிவைப்பதில்லை. கறுப்புச் சைட்டைக் கறுப்பு வட்டத்துக்குள் வைத்தால் ஒன்றும் தெரியாது. அதனால் வட்டத்தின் அடியில் குறிவைப்பார்கள். மணிக்கூட்டில் ஆறு மணி இருக்கிற இடம். குறி அடியில், பெல்லட் விழ வேண்டியது மூன்று சென்ரிமீற்றர் மேலே, நடுவில். பத்து மீற்றரில் அப்படி விழும்படி சைட்டைச் சரிசெய்து வைத்திருப்பார்கள். அதாவது, பார்க்கும் கோட்டோடு ஒப்பிட்டால் குழல் எப்போதும் கொஞ்சம் மேல்நோக்கியே நிற்கிறது.

சைட் குழலுக்கு ஒரு சென்ரிமீற்றர் மேலே என்று வைத்துக் கணக்குப் பார்த்தோம். குறிவைத்த புள்ளியில் இருந்து பெல்லட் எவ்வளவு மேலே விழும்? ஐந்து மீற்றரில் 1.6 சென்ரிமீற்றர். பத்து மீற்றரில் 3. பன்னிரண்டு, பதின்மூன்று மீற்றரில் 3.2 வரை போய் உச்சம் தொடுகிறது. பிறகு இறக்கம்: இருபது மீற்றரில் 1.5. இருபத்தைந்தில் குறிவைத்த புள்ளிக்கும் கீழே போய்விடும்.

அதுதான் விடை. முழு அளவு அட்டையை ஐந்து மீற்றரில் தொங்கவிட்டதால் பெல்லட் மேலே ஏறி முடிக்கவில்லை. நடுவுக்கு 1.4 சென்ரிமீற்றர் கீழே விழுந்தது. பத்து மீற்றரில் விழ வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்தது. மகள் தாளைப் பார்த்து, "அப்ப ஐஞ்சு மீற்றருக்கு அட்டையைப் பாதி அளவில பிரின்ட் பண்ணினா?" என்று கேட்டாள். பாதி அட்டையில் அடியில் இருந்து நடுவுக்கு 1.5 சென்ரிமீற்றர். பெல்லட் விழுவது 1.6. சைட்டைத் தொடாமலே சரியாக வரும்! அந்தக் கேள்வியைக் கேட்டது அவள், நான் இல்லை. அதற்காக அன்றைக்கு ஒரு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தேன்.

இதில் இருந்து பெற்றோருக்கு ஒரு சின்னக் குறிப்பு. பிள்ளை ஒரு சூடு தவறியதும் சைட்டைத் திருகக் கேட்கும். விடாதீர்கள். முதலில் சூடுகள் ஓரிடத்தில் சேர வேண்டும், அது எந்த இடமாக இருந்தாலும் பரவாயில்லை. சேர்ந்த பிறகுதான் அந்த இடத்தை நடுவுக்குக் கொண்டுவரச் சைட்டைத் திருகுவது. சிதறிக் கிடக்கும்போது திருகினால் எது கையின் பிழை, எது சைட்டின் பிழை என்று யாருக்கும் தெரியாது. தூரம் மாற்றினால் சைட்டையும் மறுபடி பார்க்க வேண்டும்.

இந்த நாட்டில் ஏன் பத்து மீற்றர்?

1996 மார்ச் 13. எனக்குப் பத்து வயது, எட்மண்டனில் பிறைமறிப் பள்ளி. ஸ்கொட்லாந்தில் டன்பிளேன் பள்ளிக்குள் ஒருவன் கைத்துப்பாக்கிகளோடு நுழைந்து பதினாறு குழந்தைகளையும் ஒரு ஆசிரியையையும் கொன்ற நாள். அதற்குப் பிறகு 1997இல் வந்த இரண்டு சட்டங்கள் பிரித்தானியாவில் தோட்டா போட்டுச் சுடும் கைத்துப்பாக்கிகளை அநேகமாக முழுவதுமாகத் தடைசெய்தன. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வூலிச்சில் பிஸ்டல் போட்டி நடத்த அரசு தனி அனுமதி கொடுக்க வேண்டி வந்தது. அங்கேதான் இந்தியாவின் விஜய் குமார் இருபத்தைந்து மீற்றர் வேகச் சூட்டில் வெள்ளி வென்றார்.

ஆகவே இங்கே ஒரு பிள்ளை பழகக்கூடியது காற்றழுத்தத்தில் இயங்கும் ஏர் பிஸ்டல்தான். அரைக் கிராம் அளவு ஈயம், ஆறு அடி-பவுண்டுக்கு மேற்படாத ஆற்றல். ஆனால் விளையாட்டுச் சாமான் இல்லை. கண்ணில் பட்டால் கண் போய்விடும்.

எட்மண்டனில் இருக்கும் எங்களுக்கு இன்னொரு வேடிக்கை. எங்கள் வீட்டில் இருந்து லீ ஆற்றங்கரை நடைபாதையில் வடக்கே சில மைல் நடந்தால் என்ஃபீல்ட் லொக். 1816இல் தொடங்கி 1988இல் மூடிய அரச ஆயுதத் தொழிற்சாலை இருந்த இடம். எங்கள் பெரியவர்கள் ஊரில் "த்ரீ நொட் த்ரீ" என்று சொன்ன லீ-என்ஃபீல்ட் துவக்கின் பெயர் இந்த ஊரின் பெயர்தான். இப்போது அங்கே வீடுகளும் கடைகளும். அம்மம்மா அந்தப் பக்கம் பலதரம் நடந்திருக்கிறாள். நான் இதைச் சொன்னபோது, "தெரியும். உன்ர அப்பா சொன்னவர்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

நாங்கள் வைத்த கட்டுப்பாடுகள்

ஒரு வெள்ளிக்கிழமை சேர்ச் ஸ்ட்ரீட் நாகபூஷணி அம்பாள் கோயிலால் வரும்போது அம்மம்மாவே பேச்சைத் தொடங்கினாள். "பிள்ளையை மறிக்கச் சொல்லேல்லை. வீட்டுக்குள்ள துவக்கு வரக்கூடாது. அவ்வளவுதான்."

அது நியாயம் என்று எனக்குப் பட்டது. அம்மம்மாவின் மனசுக்காக மட்டும் இல்லை, சட்டமும் கிட்டத்தட்ட அந்தப் பக்கம்தான் நிற்கிறது. இங்கிலாந்தில் 18 வயதுக்குக் குறைந்தவர் ஏர் பிஸ்டல் வாங்க முடியாது. 14 வயதுக்குக் குறைந்த பிள்ளை சுடும்போது 21 வயது நிரம்பிய ஒருவர் மேற்பார்வை செய்ய வேண்டும். வீட்டில் வைத்திருந்தால் பிள்ளைகள் கையில் எட்டாதபடி பார்ப்பது பெரியவரின் சட்டக் கடமை. தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் கொண்டுபோவது குற்றம். குண்டு இல்லாத ஏர் பிஸ்டலுக்கும் போலித் துப்பாக்கிக்கும்கூட இது பொருந்தும். ஸ்கொட்லாந்தில் 2016 கடைசியில் இருந்து ஏர் பிஸ்டலுக்கே உரிமம் வேண்டும்.

சட்டத்துக்கு அப்பால் எங்கள் பயம் ஒன்று இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எட்மண்டன் கிறீன் பஸ் நிலையத்தில் எங்கள் நிறத்துப் பிள்ளை ஒன்று துப்பாக்கி போன்ற ஒன்றைப் பையில் இருந்து எடுத்தால் என்ன நடக்கும்? பத்து மீற்றருக்கு அப்பால் நிற்பவருக்கு அது ஏர் பிஸ்டல் என்று தெரியாது. மகளுக்கு இதை நாங்கள் நேராகவே சொன்னோம். அவளுக்கு அது விளங்கியது, கொஞ்சம் கவலையாகவும் இருந்தது.

கடைசியில் வீட்டில் இப்படி முடிவு: கழகத்தின் பிஸ்டல் கழகத்திலேயே இருக்கும். சொந்தமாக வாங்குவது பற்றி 18 வயதுக்குப் பிறகு பேசலாம். வீட்டில் வெறுங்கைப் பயிற்சி அவளுடைய அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. பள்ளியில் பீற்றுவதில்லை, விளையாட்டுக்கும் கையால் ஒருவரைக் குறிவைப்பதில்லை. பெல்லட் ஈயம் என்பதால் சுட்டு முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். அதற்கு முதல் வாயில் ஒன்றும் வைக்கக்கூடாது.

உங்கள் வீட்டில் இந்தக் கேள்வி வந்தால், முதலில் பெரியவர்களிடம் சொல்லுங்கள். நான் ஒளித்ததால்தான் அம்மம்மா அதை வரவேற்பறையில் அப்படிக் காண வேண்டி வந்தது. அவர்கள் "வேண்டாம்" என்று சொன்னால், ஏன் என்று இருந்து கேளுங்கள். நாற்பது வயதை நெருங்கும் எனக்கு அந்தக் குசினிக் கதை முதல் தடவையாகக் கிடைத்தது இதனால்தான்.

போன சனிக்கிழமை மகள் ஒரு அட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பத்து மீற்றர், பத்துச் சூடு, எண்பத்தொரு புள்ளி. மனு பாக்கர் பாரிஸில் தகுதிச் சுற்றில் எடுத்தது அறுபது சூட்டில் 580. எங்களுக்கு இன்னும் கனதூரம். அம்மம்மா அதைக் குசினி லைற்றுக்குக் கீழே பிடித்து, ஓட்டைகளை விரலால் தொட்டு எண்ணினாள்.

"இது ஏன் தள்ளி நிக்குது?"

"அது ஏழு, அம்மம்மா. ஒரு மில்லிமீற்றர் பிழைச்சுப் போச்சு."

"ஒரு மில்லிமீற்றரோ?" என்று கேட்டுவிட்டு அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். கழகத்துக்கு வந்து பார்க்கிறீங்களோ என்று மகள் கேட்டதற்குப் பதில் இல்லை. வர மாட்டாள், எனக்குத் தெரியும். மகளுக்கும் அது தெரியும் என்று நினைக்கிறேன்.

தட்டில் சோறு போட்டுக்கொண்டே அம்மம்மா திரும்பிப் பார்த்தாள்.

"கை கழுவினியோ, பிள்ளை?"